சைரன் கடிகாரத்துக்கு இணையத்திலிருந்து நேரம்: விநாடிக்கு ஒருமுறை கேட்க வேண்டாம்

கேள்வியின் சாரம்: ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டம். காலை 6:30-க்கும் மாலை 4:30-க்கும் வேலைச் சைரன் ஊதுவதற்காக, வைஃபை உள்ள நோட்எம்சியு என்ற சின்னக் கணினிப் போர்டில் ஒரு கடிகாரம் செய்திருக்கிறார் அங்கே வேலை பார்க்கும் தம்பி. முதலில் ஓர் இணைய முகவரியிடம் விநாடிக்கு ஒருமுறை நேரம் கேட்டுவந்தார். சில நாளில் அந்தச் சேவை பதில் தர மறுத்துவிட்டது. இணையம் வழியே நேரத்தைச் சரிபார்க்கவென்றே உள்ள என்டிபி என்ற முறைக்கு மாறினார். ஒரு நாள் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மின்சாரம் போய் வந்தது. இரண்டு மணிக்குச் சைரன் ஊதி தொழிலாளர் லைன் வீடுகளில் இருந்த அத்தனை பேரையும் எழுப்பிவிட்டது. இதே மாதிரிக் கடிகாரம் ஒன்று சேலம் அம்மாபேட்டையில் மாமாவின் தறிக்கூடத்திலும் ஓடுகிறது. அங்கே இணையம் இல்லை, பேட்டரியுடன் ஓடும் டிஎஸ்1307 என்ற கடிகாரச் சிப் மாட்யூல்தான். அது மாதத்துக்கு ஒரு நிமிடம் போலப் பிந்துகிறது. அதே மாட்யூலை மலையில் தனியாக ஓட்டிப் பார்த்தால் அவ்வளவு பிந்துவதில்லை. "எந்த இணையச் சேவை துல்லியமானது?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, இரண்டு மணிச் சைரனை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் சைரன் போர்டில் பேட்டரியுடன் ஓடும் கடிகாரம் கிடையாது. மின்சாரம் வந்து அது கண் விழிக்கும்போது அதற்குத் தெரிந்த ஒரே நேரம் பூஜ்யம். பூஜ்யம் என்றால் 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரப்படி நள்ளிரவு. நம் நேரத்துக்காக ஐந்தரை மணி நேரம் கூட்டச் சொல்லியிருப்பீர்கள். ஆகவே போர்டைப் பொறுத்தவரை அப்போது காலை 5:30. சரியாக ஒரு மணி நேரம் கழித்து 6:30 ஆயிற்று, ஊதிவிட்டது. நீங்கள் சொன்னதைத்தான் அது செய்தது.

இணையத்திலிருந்து சரியான நேரம் ஏன் வரவில்லை என்றால், போர்டு இரண்டு விநாடியில் எழுந்துவிடும், ரவுட்டர் எழுந்து இணைப்பைப் பிடிக்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். தொடக்கத்தில் ஒரே ஒருமுறை நேரம் கேட்டுவிட்டு, பதில் வந்ததா என்று பார்க்காமல் மேலே போகும் நிரல்கள்தான் ஊரெங்கும் சுற்றுகின்றன. உங்களுடையதும் அந்த வகையாகவே இருக்க வேண்டும். ஆண்டைப் பாருங்கள்: 2024-க்குக் குறைவாக இருந்தால் சைரனை இயக்கும் ரிலேயைத் தொடக்கூடாது, திரையில் எண்களுக்குப் பதிலாகக் கோடுகள் மட்டும் வர வேண்டும். இந்த ஒரு வரி நிரலில் இருந்திருந்தால் அன்று எல்லோரும் தூங்கியிருப்பார்கள். நேரம் தெரியாத கடிகாரம் தெரியாது என்று காட்டுவதே மரியாதை.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. இணையத்தில் துல்லியமான சேவைக்குப் பஞ்சமில்லை. நீங்கள் அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான் கோளாறு. இணையத்திடம் நேரத்தைக் கேட்டுக் கேட்டுக் காட்டுவது கடிகாரம் ஆகாது. கடிகாரம் உங்கள் போர்டுக்குள் தானாக ஓட வேண்டும். அது எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்துத் திருத்துவதற்கு மட்டும் எப்போதாவது இணையம். போர்டில் துடிப்பைத் தரும் கிரிஸ்டல் சுமாரானதாக இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட விலகாது. அப்படியிருக்க விநாடிக்கு ஒருமுறை கேட்பதில் என்ன லாபம்? எதிர்முனையில் இருப்பவருக்கு அது தொல்லை, அவ்வளவுதான். உங்களை வெட்டிவிட்டதற்காக அந்தச் சேவையைக் குறை சொல்ல மாட்டேன்.

இந்தத் தொல்லைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 2003-ஆம் ஆண்டு அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்து நேரச் சர்வருக்கு விநாடிக்கு லட்சக்கணக்கில் கேள்விகள் வந்து குவிந்தன. யாரோ தாக்குகிறார்கள் என்று முதலில் எண்ணினார்கள். ஆராய்ந்து பார்த்தால் நெட்கியர் நிறுவனத்தின் சில வீட்டு ரவுட்டர்கள். அந்தச் சர்வரின் முகவரி எண்ணையே நிரலுக்குள் எழுதி வைத்திருந்தார்கள். பதில் வராவிட்டால் விநாடிக்கு ஒருமுறை மறுபடி கேள் என்றும் எழுதியிருந்தார்கள். சர்வர் திணறித் திணறிப் பதில் தராமல் போகப் போக, கேள்விகள் பெருகின. இதிலிருந்து உங்களுக்கு வேண்டியவை இரண்டு. முகவரியைப் பெயராகவே எழுதுங்கள், எண்ணாக எழுதாதீர்கள். பதில் வராதபோது இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

இணைய முகவரியில் நேரம் தரும் சேவைகளை நான் யாருக்கும் சொல்வதில்லை. அவை பெரும்பாலும் யாரோ ஒருவர் ஆசைக்கு நடத்துபவை, இன்று இருக்கும், நாளை இருக்காது. பாதுகாப்பான இணைப்பு வழியாகத்தான் பேசுவேன் என்று அடம்பிடிப்பவையும் உண்டு. அங்கே ஒரு வேடிக்கை: பாதுகாப்பான இணைப்புக்குச் சர்வரின் சான்றிதழ் இன்று செல்லுமா என்று போர்டு சரிபார்க்க வேண்டும். போர்டுக்கோ இன்று 1970. அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, இணைப்பை மறுத்துவிடும். நேரம் தெரிந்தால்தான் நேரம் கேட்க முடியும் என்ற நிலை. சான்றிதழைப் பார்க்காமலே விட்டுவிடு என்று நிரலில் எழுதி இதைத் தாண்டுபவர்கள் பலர். அப்படித் தாண்டுவதற்கு, இந்த வேலைக்கென்றே செய்யப்பட்ட என்டிபியை நேராகப் பயன்படுத்திவிடலாம்.

என்டிபியை அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மில்ஸ் வடிவமைத்தார். முதல் வரையறை 1985-இல் வந்தது. ஒரு கேள்வி 48 பைட், ஒரு பதில் 48 பைட், யுடிபி வழியில் 123-ஆம் போர்ட். இவ்வளவு சிறியது என்பதால்தான் உங்கள் நோட்எம்சியுவில் இருக்கும் இஎஸ்பி8266 போன்ற சின்னச் சிப்பும் சிரமமில்லாமல் பேசுகிறது. ஆனால் அதன் அழகு அளவில் இல்லை. "செய்தி வந்து சேரவே நேரம் ஆகுமே, வரும்போதே பழசாகிவிடாதா?" என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். அதற்குத்தான் நான்கு நேரக் குறிப்புகள்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். உங்கள் போர்டு தன் கடிகாரப்படி சரியாக 10:00:00.000-க்குக் கேள்வியை அனுப்புகிறது. சர்வர் தன் கடிகாரப்படி அதை 10:00:02.050-க்குப் பெறுகிறது, 10:00:02.051-க்குப் பதிலை அனுப்புகிறது. அந்தப் பதில் உங்கள் போர்டின் கடிகாரப்படி 10:00:00.101-க்கு வந்து சேர்கிறது. போய்வர ஆன மொத்தம் 101 மில்லி விநாடி. அதில் சர்வர் வைத்திருந்த 1 மில்லி விநாடியைக் கழித்தால் வழியில் கழிந்தது 100. போகும்போது எவ்வளவு விலகல் தெரிகிறது? 2.050 விநாடி. வரும்போது? 1.950. இரண்டின் சராசரி சரியாக 2.000. உங்கள் கடிகாரம் இரண்டு விநாடி பின்தங்கியிருக்கிறது. வழியில் ஆன தாமதம் கணக்கிலிருந்து தானாகவே உதிர்ந்துவிட்டது.

இதில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: போகவும் வரவும் ஒரே அளவு நேரம் ஆகிறது என்பது. மலையில் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் அப்படி இருக்காது. ஒரு பக்கம் சீக்கிரம் போகும், மறு பக்கம் காத்துக் கிடக்கும். ஆனாலும் பிழை, வழியில் கழிந்த மொத்த நேரத்தில் பாதியைத் தாண்டவே முடியாது. மேலே சொன்ன உதாரணத்தில் எவ்வளவு மோசமானாலும் 50 மில்லி விநாடிதான். சைரன் சத்தம் தோட்டத்தின் மறுகோடிக்குப் போய்ச் சேரவே அதைவிட அதிக நேரம் ஆகும். சுமார் 340 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒரு விநாடி தாமதம். எனவே மில்லி விநாடிக்காக மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்த மாதிரிப் போர்டுகளுக்கான அர்டுயினோ பயிற்சி நிரல்கள் பல, சர்வர் பதில் அனுப்பிய நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற மூன்றையும் விட்டுவிடுகின்றன. உங்கள் வேலைக்கு அதுவே போதும்.

எந்தச் சர்வர்? இந்திய நேரத்தைக் காப்பது புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே சீசியம் அணுக் கடிகாரங்கள் ஓடுகின்றன. அந்த ஆய்வகத்தின் சர்வர் "டைம் டாட் என்பிஎல்இண்டியா டாட் ஆர்க்". இது ஒன்று. தேசியத் தகவலியல் மையமும் "சமய்1 டாட் என்ஐசி டாட் இன்" என்ற பெயரில் ஒரு சர்வர் வைத்திருக்கிறது. மூன்றாவதாக, தன்னார்வலர்கள் உலகெங்கும் நடத்தும் பொதுத் தொகுப்பு. அதன் இந்தியப் பகுதி "இன் டாட் பூல் டாட் என்டிபி டாட் ஆர்க்". கேட்கும்போதெல்லாம் அது வேறு வேறு சர்வரைக் காட்டும். இஎஸ்பி நிரலில் மூன்று பெயர்கள் வரை தரலாம், மூன்றையும் தந்துவிடுங்கள். ஒன்று படுத்தால் இன்னொன்று. எத்தனை நாழிகைக்கு ஒருமுறை கேட்பது என்ற கவலையும் வேண்டாம். இஎஸ்பியின் உள்ளேயே இருக்கும் நிரல் தொகுதி, நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்டுத் திருத்திக்கொள்ளும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். ரவுட்டர் எழத் தாமதமானாலும் அதுவே மீண்டும் மீண்டும் முயலும். நீங்களாக 48 பைட்டைக் கட்டி அனுப்பும் பழைய நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டு "கான்ஃபிக்டைம்" என்ற ஒற்றை அழைப்புக்கு மாறுங்கள்.

என்டிபி சர்வர் எங்கிருந்தாலும் உலகப் பொது நேரத்தைத்தான் தரும். தில்லிச் சர்வரிடம் கேட்டேன், ஐந்தரை மணி நேரம் பின்தங்கி வருகிறதே என்று புகார் சொல்பவர்களை நிறையப் பார்க்கிறேன். 19800 விநாடியை நீங்கள்தான் கூட்ட வேண்டும். அதையே நேர மண்டல வரியாக எழுதினால் ஒரு குழி இருக்கிறது. அந்த எழுத்து முறையில் கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருப்பவை கழித்தல் குறி பெறும். "ஐஎஸ்டி"க்குப் பின் கழித்தல் 5:30 என்று எழுத வேண்டும். கூட்டல் என்று எழுதினால் கடிகாரம் பதினோரு மணி நேரம் பின்னால் போய் நிற்கும். பதினோரு மணி நேர வித்தியாசத்தைக் கண்டால் வேறெங்கும் தேடாதீர்கள்.

உங்கள் மேஸ்திரி, "நிழலைப் பார்த்தால் 12 மணிக்கு உச்சிப்பொழுது வருவதே இல்லை, உன் கடிகாரம் தப்பு" என்று சொல்வதாக எழுதியிருந்தீர்கள். மேஸ்திரியின் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது, கடிகாரமும் சரிதான். இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 டிகிரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அது உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர்ப் பக்கம் செல்கிறது. சேலமும் ஏற்காடும் 78.2 டிகிரியை ஒட்டி இருக்கின்றன. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் வீதம், சூரியன் நமக்குச் சுமார் 17 நிமிடம் தாமதமாகத்தான் உச்சிக்கு வரும். பூமியின் பாதை வட்டமாக இல்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் இது ஆண்டு முழுக்க ஆடும். பிப்ரவரி நடுவில் 12:31 வரை போகும். நவம்பர் முதல் வாரத்தில் மட்டும் ஏறக்குறைய 12 மணியைத் தொடும். 1906-க்கு முன்பு நம் ரயில்கள் ஓடிய மதராஸ் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால் இருந்தது. மேஸ்திரியின் கணக்குக்கு அது கொஞ்சம் நெருக்கம்.

அம்மாபேட்டைக் கடிகாரத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. டிஎஸ்1307 தன் நேரத்தை 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலிலிருந்து எடுக்கிறது. இரண்டின் 15-ஆம் அடுக்கு அது. பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு. இந்தக் கிரிஸ்டல் இசைக்கவை வடிவில் வெட்டப்பட்டது, 25 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் அது தன் முழு வேகத்தில் அதிரும். சூடு ஏறினாலும் மெதுவாகும், குளிர்ந்தாலும் மெதுவாகும். எவ்வளவு என்பதற்குக் கணக்கு உண்டு: 25-லிருந்து விலகிய டிகிரியை வர்க்கமாக்கி 0.034-ஆல் பெருக்கினால் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று வரும்.

உங்கள் தோட்டத்தில் பெட்டிக்குள் 18 டிகிரி என்று வையுங்கள். விலகல் 7, வர்க்கம் 49, பெருக்கினால் பத்து லட்சத்தில் 1.7 பங்கு. நாளுக்கு 0.15 விநாடி, மாதத்துக்கு நான்கைந்து விநாடி. தறிக்கூடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில், மூடிய பெட்டியில், பக்கத்திலேயே அடாப்டரும் சுட்டுக்கொண்டிருக்க, கோடையில் 50 டிகிரி எளிதில் எட்டும். விலகல் 25, வர்க்கம் 625, பெருக்கினால் 21 பங்கு. நாளுக்கு 1.8 விநாடி, மாதத்துக்கு 55 விநாடி! இதற்கு மேல் கிரிஸ்டலின் சொந்தப் பிழை பத்து லட்சத்தில் 20 பங்கு வரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருக்கலாம். உங்கள் மாமா மாட்யூல் போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். இரண்டு ஊர்களின் வெயிலுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அந்த இரண்டு கடிகாரங்களும் காட்டுகின்றன. பெட்டியைக் கூரையிலிருந்து இறக்கி, அடாப்டரை வெளியே வைத்தாலே பாதி சரியாகும்.

மீதிப் பாதிக்கு டிஎஸ்3231 வாங்குங்கள். அதில் கிரிஸ்டல் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. சிப் தன் வெப்பநிலையைத் தானே அளந்து ஈடுகட்டிக்கொள்ளும். 0 முதல் 40 டிகிரி வரை பத்து லட்சத்தில் 2 பங்குக்குள் நிற்கும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. ஆண்டுக்கு ஒரு நிமிடம். நாகலூரிலும் ஒன்று வையுங்கள். மின்சாரம் வந்ததும் போர்டு முதலில் இதிலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளட்டும். இணையம் கிடைத்து நேரம் திருத்தப்பட்ட பின் அந்த நேரத்தை இதில் எழுதி வைக்கட்டும். இதில் எழுதுவது எப்போதும் உலகப் பொது நேரமாக இருக்கட்டும், திரைக்குக் காட்டும்போது மட்டும் ஐந்தரையைக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் என்றாவது ஒரு நாள் இரண்டு முறை கூட்டிவிடுவீர்கள்.

அந்த மாட்யூலில் ஓர் ஆபத்து உண்டு. கடைகளில் அதிகம் கிடைக்கும் நீல நிறப் பலகையில், பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஒரு டையோடும் "201" என்று எழுதிய ஒரு குட்டி ரெசிஸ்டரும் இருக்கும். அது எல்ஐஆர்2032 என்ற சார்ஜ் ஏற்றக்கூடிய வில்லைப் பேட்டரிக்கானது. நாம் போடுவது சார்ஜ் ஏற்றக்கூடாத சிஆர்2032. ஐந்து வோல்ட் கொடுத்தால் அதையும் ஏற்றப் பார்க்கும், பேட்டரி உப்பும், கசியும். அந்த ரெசிஸ்டரைச் சால்டரிங் சூட்டுக்கோலால் தொட்டு எடுத்துவிடுங்கள். கடிகாரத்துக்கு ஒன்றும் ஆகாது.

சைரனைப் பற்றி இன்னொன்று. நிரலில் "நேரம் 6:30:00-க்குச் சமமா" என்று கேட்டிருந்தால் மாற்றுங்கள். இணையம் திருத்தும்போது கடிகாரம் குதிக்கும். 6:29:59-லிருந்து 6:30:01-க்குத் தாவினால் அன்று சைரனே இல்லை. பின்னால் தாவினால் இருமுறை ஊதும். "6:30 முதல் 6:32 வரை, இன்று இன்னும் ஊதவில்லை என்றால் ஊது, ஊதிய தேதியைக் குறித்து வை" என்று எழுதுங்கள். 11 மணிக்கு மின்சாரம் வந்தாலும் காலைச் சைரன் அப்போது ஊதாது.

2036-இல் என்டிபி நின்றுவிடுமாமே என்று கேட்டிருந்தீர்கள். நிற்காது. அது விநாடிகளை 1900 ஜனவரி 1-லிருந்து 32 பிட்டில் எண்ணுகிறது. 2036 பிப்ரவரி 7, நம் நேரம் காலை 11:58:16-க்கு அந்த எண் நிரம்பிப் பூஜ்யமாகும். 1970-க்கு மாற்ற 2208988800-ஐக் கழிக்கிறோம் அல்லவா? குறியில்லாத 32 பிட் எண்ணில் கழித்தால் அந்த நாளுக்குப் பிறகும் விடை சரியாகவே வருகிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். 64 பிட்டில் கழித்தால்தான் 1900-க்குப் போய் விழும். அரிதாக, கவனமில்லாமல் எழுதிய நிரல் பிழைத்துக்கொள்ளும் இடம்.

கடைசியாக, வைஃபை எட்டாத உலர்களத்துக் கிடங்குக்கு என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். கல் சுவருக்கு அப்பால் நோட்எம்சியுவின் ஆண்டெனா திணறும். அங்கே நியோ-6எம் ஜிபிஎஸ் மாட்யூல் ஒன்றை வைத்துவிடுங்கள், இணையமே தேவையில்லை. செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரமே இருக்கிறது. ஆண்டெனா சில்வர் ஓக் மர நிழலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஜிபிஎஸ்ஸின் சொந்த நேரம் உலகப் பொது நேரத்தைவிட 18 விநாடி முன்னால் ஓடுகிறது. பூமியின் சுழற்சிக்கு ஈடாக 1980-க்குப் பிறகு உலகப் பொது நேரத்தில் சேர்க்கப்பட்ட நெட்டை விநாடிகள் (லீப் விநாடிகள்) அதில் சேராததுதான் காரணம். மாட்யூல் இதைக் கழித்துத்தான் தரும், ஆனால் சரியான எண் எது என்று செயற்கைக்கோள் அறிவிக்கும் தகவல் ஒரு முழுச் சுற்று வர 12.5 நிமிடம் ஆகும். அதுவரை சில விநாடி தப்பாகக் காட்டலாம். முதல் முறை மின்சாரம் கொடுத்த பின் கால் மணி நேரம் விட்டுவிட்டு அதன்பிறகு சைரனை இணையுங்கள்.